பால், பாலினம், பாலீர்ப்பு: பெயர்கள் குறித்த கருத்து வேறுபாடுகளும் மருத்துவக் கவனிப்பும்

முக்கியச் செய்திகள்

- திருநங்கை, திருநம்பி, ஊடுபால், தன்பாலீர்ப்பு முதலிய பெயர்களுக்கு எல்லாரும் ஒரே பொருளைக் கொள்வதில்லை. மருத்துவம், சட்டம், சமூகம், தனி மனிதர் ஆகிய ஒவ்வொரு தரப்பும் ஒரே சொல்லை வெவ்வேறு நோக்கில் பயன்படுத்துகிறது.
- இப்பெயர்களுள் எதுவும் நோயின் பெயர் அன்று. ஒருவரின் பாலீர்ப்பை மாற்றுவதற்கான சிகிச்சை எதுவும் இல்லை.
- உங்களை எவ்வாறு அழைக்க வேண்டும் என்பதை நீங்களே கூறலாம். உங்கள் உடலில் உள்ள உறுப்புகள், உட்கொள்ளும் மருந்துகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் தனியே தெரிவிக்க வேண்டும். ஒரு பெயர் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்யாது.
- பிறப்புறுப்பு தெளிவாக வேறுபடுத்த இயலாத நிலையில் பிறந்த குழந்தைக்கு வாந்தி, சோர்வு, நீர்ச்சத்துக் குறைவு ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இப்பக்கம் யாருக்கு?

லால்குடி, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு வரும் நோயாளிகளுக்கும் அவர்களுடன் வரும் குடும்பத்தினருக்கும் இவ்விளக்கம் எழுதப்பட்டுள்ளது. வெளிநோயாளர் சீட்டில் ஒரு சொல், ஆதார் அட்டையில் வேறொரு சொல், வீட்டில் மூன்றாவது சொல், நோயாளி தம்மைக் குறிக்கக் கூறுவது நான்காவது சொல் என்னும் நிலை அரிதன்று. எது சரி என்ற வாதத்தில் சிகிச்சை தாமதமாவதும், அவ்வாதத்திற்கு அஞ்சி மருத்துவமனைக்கே வராமல் இருப்பதும் உண்டு. இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, எங்கே முரண்படுகின்றன, சிகிச்சைக்கு எது தேவை என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

ஒரே சொல்லுக்கு ஏன் பல பொருள்கள்?

கருத்து வேறுபாடுகளுள் பெரும்பாலானவை, இரு தரப்பினரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுவதால் எழுகின்றன. அக்கேள்விகள் ஐந்து.

1. உடல் எவ்வாறு உள்ளது? குரோமோசோம், சுரப்பிகள், உள்ளுறுப்புகள், வெளியுறுப்புகள் ஆகியவற்றைக் குறிப்பது பால். குழந்தை பிறந்ததும் வெளியுறுப்பைக் கண்டு பதிவேட்டில் எழுதப்படுவது பிறப்பில் குறிக்கப்பட்ட பால்.
2. ஒருவர் தம்மை எவ்வாறு உணர்கிறார்? ஆண், பெண், இரண்டும், இரண்டும் அன்று என உள்ளத்தில் உணரப்படுவது பாலின அடையாளம்.
3. எவ்வாறு வெளிப்படுத்துகிறார்? உடை, பேச்சு, நடை, பெயர் முதலியவற்றில் தோன்றுவது பாலின வெளிப்பாடு. வெளிப்பாட்டைக் கண்டு அடையாளத்தை முடிவு செய்ய இயலாது.
4. யார்மீது ஈர்ப்பு கொள்கிறார்? இது பாலீர்ப்பு. எதிர்பாலீர்ப்பு, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு, எவர்மீதும் பாலியல் ஈர்ப்பு கொள்ளாத அல்பாலீர்ப்பு என இது பலவகைப்படும்.
5. என்ன செய்கிறார்? இது நடத்தை. நடத்தையும் ஈர்ப்பும் எல்லா வேளைகளிலும் ஒத்துச் செல்வதில்லை.

ஒரு திருநங்கை ஆணையோ பெண்ணையோ விரும்பலாம். தன்பாலீர்ப்பு கொண்ட ஆண் தம்மை முழுமையாக ஆணாகவே உணரலாம். முதற்கேள்விக்குரிய விடையைக் கொண்டு நான்காம் கேள்விக்கு விடை காண முயல்வதே பல மனவருத்தங்களுக்கும் மருத்துவப் பிழைகளுக்கும் காரணமாகிறது.

தமிழில் இச்சொற்கள் மாறி வந்த வகை

*பால், பாலினம்*

தமிழிலக்கணத்தில் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் எனப் பால் ஐந்து. அங்குப் பால் என்பது சொல்லின் பாகுபாடு. உரையாசிரியர்கள் பேடி என விளக்கும் பெயரைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் உயர்திணையில் வைக்கிறது. அதற்கெனத் தனி ஈறு கிடையாது என்றும், உயர்திணைப் பால்களுக்குரிய ஈறுகளையே அது ஏற்கும் என்றும் வகுக்கிறது. இவ்வகை மாந்தரை எந்தச் சொல்லால் குறிப்பது என்பது தமிழுக்குப் புதிய சிக்கலன்று.

இக்கால வழக்கில் உடலைக் குறிக்கப் பால் என்றும், அடையாளத்தைக் குறிக்கப் பாலினம் என்றும் பிரித்து எழுதும் முறை பரவி வருகிறது. எனினும் மருத்துவமனைப் படிவங்களிலும் செய்தித்தாள்களிலும் பாலினம் என்னும் ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்டப்பந்தய வீராங்கனை சாந்தி சௌந்தரராஜன் 2006-ஆம் ஆண்டு தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பின்னர் ஒரு சோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பாலினச் சோதனை என்று பரவலாகக் குறிப்பிடப்பட்ட அச்சோதனை ஆராய்ந்தது உடலை. அவர் தம்மைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாகவே வளர்ந்து வாழ்ந்தவர் என்பதை அச்சோதனை மறுக்கவில்லை, மறுக்கவும் இயலாது. முதற்கேள்வியும் இரண்டாம் கேள்வியும் ஒன்றாக்கப்பட்டதால் ஒருவருக்கு நேர்ந்த இழப்பிற்கு இது எடுத்துக்காட்டு.

*அரவாணி, திருநங்கை, திருநம்பி, திருநர்*

கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரைத் திருவிழாவில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் மரபிலிருந்து அரவாணி என்னும் சொல் எழுந்தது. முன்பு வழங்கிய இழிசொற்களுக்கு மாற்றாக அது வரவேற்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2008 ஏப்ரல் 15 அன்று நல வாரியத்தை அமைத்தபோது அரவாணிகள் என்னும் பெயரே இடம்பெற்றது. ஆயினும் அச்சொல் ஒரு குறிப்பிட்ட வழிபாட்டு மரபைச் சார்ந்தது எனவும், பிற சமயத்தினரையும் அம்மரபில் இல்லாதவரையும் அது உள்ளடக்காது எனவும் எதிர்ப்பு எழுந்தது. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி காலத்தில் திருநங்கை என்னும் சொல் அரசு வழக்கில் நிலைபெற்றது.

நங்கை என்பது பெண்ணைக் குறிக்கும். ஆகவே பிறப்பில் ஆண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவருக்கே இச்சொல் பொருந்தும். பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவர்களையும் நீண்ட காலம் இதே சொல்லால் குறித்ததால், அவர்கள் பதிவேடுகளிலும் திட்டங்களிலும் காணாமற்போயினர். அவர்களுக்குத் திருநம்பி என்னும் சொல்லும், இரு தரப்பினரையும் ஆண், பெண் என்னும் இரு வகையில் அடங்காதவரையும் சேர்த்துக் குறிக்கத் திருநர் என்னும் சொல்லும் வழக்கிற்கு வந்தன. திருநங்கையருள் சிலர், தம்மைப் பெண் என்று மட்டுமே குறிப்பிட வேண்டும் என விரும்புகின்றனர். வேறு சிலர் திருநங்கை என்னும் பெயரைப் பெருமையுடன் ஏற்கின்றனர். இவர்களுள் எவரும் தவறானவர் அல்லர்.

*மூன்றாம் பாலினம்*

அரசு ஆவணங்கள் சிலவற்றிலும் செய்திகளிலும் வழங்கும் இச்சொல்லுக்கு எதிராக முன்வைக்கப்படும் கேள்வி எளியது: முதலாவது யார், இரண்டாவது யார்? தம்மைப் பெண்ணாகவே உணரும் ஒருவரை மூன்றாம் எண்ணில் வைப்பது அவரது அடையாளத்தை மறுப்பதாகும் என்பது ஒரு சாராரின் நிலைப்பாடு. ஆணாகவும் பெண்ணாகவும் தம்மைக் கருதாதோர்க்குச் சட்டத்தில் தனி இடம் வேண்டும் என்பது மற்றொரு சாராரின் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப்பணிகள் ஆணைய வழக்கில் வழங்கிய தீர்ப்பு, ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றுள் தமக்குரியதை ஒருவர் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது.

*ஓரினச்சேர்க்கை, தன்பாலீர்ப்பு*

ஓரினச்சேர்க்கை என்னும் பழைய சொல்லில் இரு குறைகள் சுட்டப்படுகின்றன. இனம் என்பது பாலைக் குறிக்கும் சொல் அன்று. சேர்க்கை என்பது உடலுறவை மட்டும் முன்னிறுத்தி, அன்பையும் துணைமையையும் மறைத்துவிடுகிறது. ஆதலின் ஈர்ப்பை மையமாகக் கொண்ட தன்பாலீர்ப்பு என்னும் சொல் பரிந்துரைக்கப்படுகிறது. மேலைநாடுகளிலிருந்து வந்த குயர் என்னும் சொல்லுக்கு ஈடாகப் பால்புதுமையினர் என்னும் சொல் உருவாகியுள்ளது. ஆங்கிலத்தில் குயர் ஒரு காலத்தில் வசைச்சொல்லாக இருந்தது. இன்று பலர் அதனை விரும்பி ஏற்கின்றனர். முதியோர் சிலர் ஏற்பதில்லை.

சட்டத்தில் எழுந்த வேறுபாடுகள்

சட்டத்தில் ஒரு சொல்லுக்குத் தரப்படும் வரையறையே எவர் சான்றிதழ் பெறுவார், எவர் திட்டங்களில் பயன் பெறுவார் என்பதை முடிவு செய்கிறது.

மாநிலங்களவை உறுப்பினர் திருச்சி சிவா 2014-இல் கொண்டு வந்த திருநர் உரிமைகள் தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று நிறைவேற்றியது. பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்துடன் தம் பாலினம் ஒத்துப்போகாதவர் என அம்மசோதா வரையறுத்தது. அறுவை சிகிச்சையோ இயக்குநீர் சிகிச்சையோ பெற்றிருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அதில் இல்லை. அம்மசோதா சட்டமாகவில்லை. 2016-இல் ஒன்றிய அரசு மக்களவையில் கொண்டு வந்த மசோதா, முழுமையாக ஆணும் அல்லாத, முழுமையாகப் பெண்ணும் அல்லாத நபர் என்னும் போக்கில் அதே மக்களை வரையறுத்தது. ஓர் இல்லாமையைக் கொண்டு மனிதரை வரையறுப்பதாக அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டபோது அவ்வரையறை மாற்றப்பட்டிருந்தது. ஆனால் ஊடுபால் வேறுபாடு உடையோரும் திருநர் என்னும் அதே வரையறைக்குள் வைக்கப்பட்டனர். ஊடுபால் என்பது உடலைப் பற்றியது, திருநர் என்பது அடையாளத்தைப் பற்றியது, இரண்டையும் ஒன்றாக்கலாகாது என ஊடுபாலினர் பலர் அதனை எதிர்த்தனர்.

மணமகள் என்னும் சொல்லும் வழக்கிற்கு உள்ளாயிற்று. ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யத் தூத்துக்குடியில் மறுக்கப்பட்டபோது, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 22 அன்று தீர்ப்பளித்தது. இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் கூறினார்.

மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கோரிய இரு பெண்களின் வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதை அவ்வாணை தடை செய்தது. தீர்ப்பு எழுதுமுன் தாமே உளவியலாளரிடம் அமர்ந்து இப்பொருளை அறிந்துகொண்டதாகவும் அந்நீதிபதி பதிவு செய்துள்ளார். அவ்வழக்கின் தொடர்ச்சியாக, மதிப்பிற்குரிய சொற்களைக் கொண்ட சொற்பட்டியல் ஒன்று 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடப்பட்டது. அலுவலகங்களும் ஊடகங்களும் எச்சொற்களைப் பயன்படுத்தலாம் என்பதற்கு அது வழிகாட்டுகிறது. ஒருவர் தமக்கெனத் தேர்ந்துகொள்ளும் சொல்லை அப்பட்டியல் தடுப்பதில்லை.

மருத்துவ வகைப்பாட்டில் ஏற்பட்ட மாற்றங்கள்

முன்பு மருத்துவமும் இவற்றை நோயாகக் கருதியது. உலக நலவாழ்வு அமைப்பு 1990 மே 17 அன்று ஏற்ற நோய் வகைப்பாடு தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் வகைப்பாடு, பாலின இசைவின்மை என்பதை மனநோய்ப் பிரிவிலிருந்து எடுத்துப் பாலியல் நலப் பிரிவில் வைத்தது. அப்பட்டியலில் அது இடம்பெறவே கூடாது எனச் சிலர் வாதிட்டனர். பட்டியலில் இல்லாவிட்டால் இயக்குநீர் சிகிச்சைக்கும் அறுவை சிகிச்சைக்கும் காப்பீடும் மருத்துவச் சேவையும் கிடைப்பது கடினம் என மற்றவர்கள் கூறினர். மனநோய் என்னும் முத்திரையை நீக்கி, சேவைக்கான வழியைத் திறந்து வைக்கும் நடுவழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் மருத்துவக் குறிப்பில் பாலின இசைவின்மை என எழுதப்பட்டிருந்தால், உங்களை மனநோயாளி என மருத்துவர் கருதுவதாகப் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

இந்திய மனநலச் சட்டம் 2017, ஒருவரின் நடத்தை சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துவரவில்லை என்பதைக் கொண்டு அவருக்கு மனநோய் உள்ளதாக முடிவு செய்யக் கூடாது என்கிறது. பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடப்பவை மருத்துவர்களின் தொழில்முறை ஒழுங்கீனம் ஆகும் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் மாநில மருத்துவ மன்றங்களுக்குத் தெரிவித்தது.

அல்பாலீர்ப்பு குறித்தும் குழப்பம் உண்டு. எவர்மீதும் பாலியல் ஈர்ப்பு கொள்ளாமல் இயல்பாக வாழ்ந்து, அதனால் துன்பம் கொள்ளாதவருக்குச் சிகிச்சை தேவையில்லை. முன்பு இருந்த நாட்டம் அண்மையில் குறைந்து, அதனால் வருத்தம் உண்டானால், மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, நீரிழிவு, சில மருந்துகள் ஆகியவை காரணமாக இருக்கலாம். அதற்கு மருத்துவரை அணுகுவது நன்று.

நடத்தையைக் குறிக்கும் சொல்லும் அடையாளத்தைக் குறிக்கும் சொல்லும்

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்களில் ஆண்களுடன் உடலுறவு கொள்ளும் ஆண்கள் என்னும் தொடரைக் காணலாம். தொற்று பரவும் வழியைக் கணக்கிட நடத்தையை மட்டும் குறிக்குமாறு அது உருவாக்கப்பட்டது. திருமணமான ஒருவர், தம்மைத் தன்பாலீர்ப்பாளர் எனக் கருதாதவர், கோத்தி எனத் தம்மைக் குறிப்பவர் ஆகிய அனைவரும் அத்தொடருள் அடங்கினர். தொடக்கத்தில் திருநங்கையரும் அதனுள் கணக்கிடப்பட்டனர். தாங்கள் ஆண்கள் அல்லர் என அவர்கள் முன்வைத்த மறுப்பிற்குப் பின், தேசிய திட்டத்தில் அவர்களுக்குத் தனிப்பிரிவு உண்டாயிற்று. ஆலோசகர் இத்தகைய கேள்வியைக் கேட்கும்போது தொற்றின் வாய்ப்பை அறியவே கேட்கிறார். உங்களுக்குப் பெயர் சூட்டுவது அவரது நோக்கம் அன்று. நடந்ததை உள்ளவாறு கூறுங்கள், எச்.ஐ.வி. தொடர்பான விவரம் சட்டப்படி மறைபொருளாகக் காக்கப்படும்.

ஊடுபால் நிலையில் பிறந்த குழந்தைகள்

சில குழந்தைகளின் உடற்கூறு ஆண், பெண் என்னும் வழக்கமான வகையில் அடங்காது. இதனை ஊடுபால் என்றும் இடைப்பால் என்றும் குறிப்பர். மருத்துவக் குறிப்புகளில் பால் வளர்ச்சிக் கோளாறு என எழுதும் வழக்கம் உண்டு. கோளாறு என்னும் சொல் குழந்தையைக் குறையுடையதாகக் காட்டுவதால், பால் வளர்ச்சி வேறுபாடு என எழுத வேண்டும் என்பது பலரின் கோரிக்கை.

இங்குச் சொல் அறுவை சிகிச்சை மேசை வரை செல்கிறது. கோளாறு எனக் கொண்டால் உடனே திருத்த வேண்டும் என்னும் எண்ணம் எழும். வேறுபாடு எனக் கொண்டால் காத்திருக்க இடமுண்டு. மேற்குறிப்பிட்ட 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் நிலையில் பிறந்த குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்தான சூழல் தவிர்த்துப் பாலை மாற்றியமைக்கும் அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடை செய்தது. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி விரைந்து முடிவெடுக்குமாறு எவரேனும் வற்புறுத்தினால், இத்தடையைப் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பது மருத்துவப் பரிசோதனைக்குக் காத்திருப்பது ஆகாது. பிறவி அட்ரீனல் சுரப்பி மிகை வளர்ச்சி என்னும் நிலை சில குழந்தைகளிடம் காணப்படும். அதன் கடும் வகையில் பிறந்த சில வாரங்களுக்குள் உடலிலிருந்து உப்பு மிகுதியாக வெளியேறி உயிருக்கு ஆபத்து நேரலாம். பால் குடிக்க மறுத்தல், தொடர் வாந்தி, எடை கூடாமை, மிகுந்த சோர்வு ஆகியவை அறிகுறிகள். மருந்தால் இதனைக் கட்டுப்படுத்தலாம்.

பெயரை மட்டும் நம்பினால் சிகிச்சையில் நேரும் பிழைகள்

*இரத்தப் பரிசோதனை:* உலக நலவாழ்வு அமைப்பின் அளவுகோல்படி, வளர்ந்த ஆணுக்கு ஹீமோகுளோபின் 13 கிராமுக்குக் கீழும், கருவுறாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை எனக் கொள்ளப்படும். 12.5 கிராம் உள்ள ஒருவரின் சீட்டில் ஆண் என இருந்தால் ஒரு முடிவும், பெண் என இருந்தால் வேறு முடிவும் வரும். டெஸ்டோஸ்டிரோன் மருந்து ஹீமோகுளோபினை உயர்த்தும். ஆகவே இயக்குநீர் எடுத்துக்கொள்பவர் அதனைக் கூறினால்தான் முடிவைச் சரியாகப் படிக்க இயலும்.

*புற்றுநோய்க் கண்டறிதல்:* கருப்பைவாய் உள்ள திருநம்பிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை. சீட்டில் ஆண் என இருப்பதால் அவர் அழைக்கப்படாமற் போகலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கையின் உடலிலும் பெரும்பாலும் புரோஸ்டேட் சுரப்பி இருக்கும். சிறுநீர் கழிப்பதில் இடர் தோன்றினால் அதனையும் ஆராய வேண்டும்.

*கருத்தரிப்பு:* டெஸ்டோஸ்டிரோன் கருத்தடை மருந்தன்று. மாதவிடாய் நின்றிருந்தாலும், கருப்பையும் சூலகமும் உள்ள திருநம்பி கருவுறக்கூடும்.

*இரத்தம் உறைதல்:* ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்வோருக்கு, குறிப்பாகப் புகைப்பிடிப்போருக்கு, இரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர் மேற்பார்வை இன்றிக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி உட்கொள்வது இவ்வாய்ப்பை மேலும் கூட்டும். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னரும் இம்மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கூற வேண்டும்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது

லால்குடி அரசு மருத்துவமனைக்கோ, திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ செல்பவர் பின்வருமாறு ஆயத்தமாகலாம்.

- சீட்டுப் பதிவின்போது அடையாள அட்டையில் உள்ள பெயரைத் தந்து, அழைக்க வேண்டிய பெயர் வேறெனில் அதனையும் எழுதித் தரலாம்.
- எந்த வார்டில் இருக்க விரும்புகிறீர்கள் என்பதைச் சேர்க்கையின்போதே செவிலியரிடம் தெரிவிக்கலாம்.
- உட்கொள்ளும் மருந்துகள், ஊசிகள், செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பலர் முன்னிலையில் கூறுவதைவிட அத்தாளை மருத்துவரிடம் தருவது எளிது.
- தொடர்பில்லாத கேள்வி என்று தோன்றினால், இவ்விவரம் என் சிகிச்சைக்கு எவ்வாறு தேவை எனக் கேட்கலாம். காய்ச்சலுக்கு வந்தவரிடம் பாலீர்ப்பு குறித்து வினவ வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.
- தனிமையில் பேச வேண்டும் எனில், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லுமாறு மருத்துவரிடம் கோரலாம்.

குடும்பத்தினருக்கு

மகனோ மகளோ ஒரு புதிய சொல்லால் தம்மைக் குறிப்பிடும்போது, அச்சொல்லின் இலக்கணத்தைப் பற்றி வாதிடுவதால் பயனில்லை. அச்சொல் மூலம் நீ எனக்குத் தெரிவிக்க விரும்புவது என்ன எனக் கேளுங்கள். இன்று கூறும் சொல் நாளை மாறலாம். ஒருவர் தம்மை அறிந்துகொள்ளும் வழியில் இது இயல்பு; முன்பு பொய் கூறினார் என்பதற்கு அது சான்றாகாது.

பழகிய பெயரும் அவன், அவள் என்னும் சுட்டும் நாவில் வருவது இயற்கை. தவறினால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். தமிழில் அவர் என்னும் மரியாதைச் சொல் ஆண், பெண் வேறுபாடின்றி எவருக்கும் பொருந்துவது நமக்குக் கிடைத்த வசதி.

மந்திரித்தல், கட்டாயத் திருமணம், அடைத்து வைத்தல், மயக்க மருந்து கொடுத்தல் ஆகியவை எவரையும் மாற்றுவதில்லை. அவை மனச்சோர்வுக்கும் தற்கொலை எண்ணத்திற்கும் இட்டுச் செல்கின்றன. பெற்றோருக்கும் துயரமும் குழப்பமும் இருக்கும். அவர்களும் மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

உடனடி உதவி தேவைப்படும் நிலைகள்

- பிறந்த குழந்தைக்கு மேற்கூறிய வாந்தி, சோர்வு, நீர்ச்சத்துக் குறைவு தோன்றுதல்.
- இயக்குநீர் எடுத்துக்கொள்பவருக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்படுதல்.
- தகுதியற்றவரிடம் செய்துகொண்ட அறுவைக்குப் பின் இரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் அடைப்பு ஏற்படுதல்.
- தற்கொலை எண்ணம் அல்லது தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்ளுதல்.

இந்நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

உதவி கிடைக்கும் இடங்கள்

- மருத்துவ ஆலோசனைக்கு: 104
- மனநல ஆலோசனைக்கு: டெலி மானஸ், 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.
- குழந்தைகள் பாதுகாப்பிற்கு: 1098
- இலவசச் சட்ட உதவிக்கு: 15100, அல்லது திருச்சிராப்பள்ளி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு
- அடையாளச் சான்று, நல வாரிய உதவிகளுக்கு: திருச்சிராப்பள்ளி மாவட்ட சமூகநல அலுவலகம்

சான்றிதழ் பெறும் விதிகளும் சட்ட வரையறைகளும் காலத்திற்கேற்ப மாறுபவை. விண்ணப்பிக்குமுன் நடப்பு நடைமுறையை அவ்வலுவலகத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக மருத்துவச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். சிகிச்சை பெறுவதற்கு அச்சான்றிதழ் முன்நிபந்தனை அன்று.

*இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான தகவல்கள். உங்கள் உடல்நிலைக்குரிய முடிவுகளை மருத்துவருடன் கலந்து எடுக்கவும்.*